காலாள் கடந்த வழி

நாளிதழ்களிலும் மேடைப் பேச்சுகளிலும் ஒரு தொடர் அடிக்கடி காதில் விழுகிறது. ‘அவர் பகடைக்காய் ஆக்கப்பட்டார்’ என்பது அத்தொடர். பெரியவர்களின் போட்டியில் சிறியவன் ஒருவன் தன் விருப்பமின்றி நகர்த்தப்பட்டான் என்பது அதன் பொருள். இதே பொருளில் வழங்கும் ஆங்கிலச் சொல்லோ சதுரங்கத்தில் காலாளுக்கு உரிய பெயர். தமிழ் வழக்கில் அக்கருத்து பகடையோடு சென்று சேர்ந்துவிட்டது. பகடைக்காய் உருளும் எண்ணுக்குக் கட்டுப்பட்டது. சதுரங்கத்தில் பகடையில்லை, அங்கே காலாள் வைக்கும் ஒவ்வோர் அடியும் எண்ணித் துணிந்த அடி. அதுவுமன்றி, பலகையில் உள்ள காய்களுள் தன் நிலையிலிருந்து வேறொரு நிலைக்கு உயரும் உரிமை பெற்றது காலாள் ஒன்றே. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் கவிஞர், உவமையின் பாதியைக் களத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்.

வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் சதுரங்கக் காலாளைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். எளிய மனிதனைப் பற்றி எழுதாத கவிஞர் நம்மிடையே இல்லை. அந்த எளிய மனிதன் எத்தனை அடி வைக்கலாம், யாரை எதிர்க்கலாம், எதுவரை உயரலாம் என்பவற்றை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டவரும் விதிகளாக எழுதி, அழித்து, மீண்டும் எழுதிப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அது அறுபத்து நான்கு கட்டங்கள் கொண்ட இந்தப் பலகை.

பெயரின் பயணம்

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையின் பெயரே சதுரங்கம். ஹர்ஷர் ஆட்சி புரிந்த காலம் கி.பி. 606 முதல் 647 வரை. அவரது வரலாற்றை ‘ஹர்ஷசரிதம்’ என எழுதிய பாணர், அவ்வரசரின் அமைதியான ஆட்சியைச் சிறப்பிக்கும் இடத்தில் சொல் விளையாட்டு ஒன்று புரிகிறார். நாற்படையின் அணிவகுப்பைப் பலகையில் மட்டுமே காண முடிந்தது என்பது அதன் கருத்து. இந்த ஆட்டத்துக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இவ்வாறு ஓர் இலக்கியச் சிலேடையாக அமைந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

வடமொழியில் காலாளின் பெயர் பதாதி. பாதத்தால் நடப்பவன் என்பது பொருள். பாரசீகத்தில் அவன் பியாதா ஆனான்; அரபியர் நாவில் பைதக் ஆனான். ஐரோப்பாவுக்குச் சென்றபோது, காலடியைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து அவனுக்குப் புதுப்பெயர்கள் எழுந்தன. ஸ்பானியர் பெயோன் என்றனர். பிரெஞ்சுக்காரர் பியோன் என்றனர். ஆங்கிலேயர் பான் என்றனர். செருமானியர் மட்டும் படைவீரனை மறந்து அவனை உழவன் என்றே அழைத்தனர். தமிழில் காலாள் என்கிறோம். மொழிக் குடும்பம் வேறு. சொல்லைப் படைத்த முறை ஒன்றே. ஏறிச் செல்ல எதுவும் இல்லாதவன், கால் ஒன்றே உடைமையாகக் கொண்டவன் என்றுதான் எல்லா மொழிகளும் அவனை அறிந்திருக்கின்றன.

இந்தச் சொல் இன்னொரு வழியாகவும் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. போர்த்துக்கீசியர் காலாளைப் பெயாவ் என்றனர். அச்சொல் இந்திய ஆங்கிலத்தில் புகுந்து, அலுவலகத்தில் கோப்புகளைச் சுமந்து நடப்பவரின் பெயராயிற்று. நம் பியூன் வேறு யாருமல்லர். சதுரங்கப் பலகையின் காலாளே. படைக்கு முன்னே நடந்து வழி திருத்தியவனைக் குறித்த பயனியர் என்னும் சொல்லும் அதே வேரினது. ஒரே வேர் ஒருபுறம் கடைநிலை ஊழியரையும் மறுபுறம் முன்னோடியையும் பெற்றெடுத்திருக்கிறது. அடகுக் கடைப் பலகையில் காணும் ‘பான்’ மட்டும் வேறு வேரிலிருந்து வந்தது. ஒலி ஒற்றுமை கண்டு மயங்க வேண்டா.

முகமில்லாத வீரர்

பிர்தௌசி 1010ஆம் ஆண்டில் முடித்த ‘ஷாநாமா’வில் சதுரங்கம் பிறந்த கதை ஒன்று உண்டு. இந்திய அரச குலத்தைச் சேர்ந்த கவ், தல்ஹந்த் என்னும் இருவர் அரியணைக்காகப் போரிடுகின்றனர். தல்ஹந்த் யானை மீதிருந்தவாறே உயிர் துறக்கிறான். மகனை அவனுடைய உடன்பிறந்தானே கொன்றுவிட்டான் எனத் தாய் கதறுகிறாள். போர்க்களத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை அவளுக்கு விளக்கிக் காட்டவே பலகையும் காய்களும் அமைக்கப்பட்டனவாம். துயருற்ற தாய் ஒருத்திக்குச் சொல்லப்பட்ட விளக்கமே சதுரங்கம் என்னும் இக்கற்பனை நெஞ்சைத் தொடுவது. ஆயினும் அக்களத்தில் மாண்ட காலாட்களின் தாய்மாருக்கு யார் விளக்கினர் என்னும் கேள்வி அங்கே எழவில்லை.

1831ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் புதையலாகக் கிடைத்த காய்கள் இதே செய்தியைத் தந்தத்தில் சொல்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தால் செதுக்கப்பட்டவை அவை. அரசனுக்கு மடியில் வாள் உண்டு. அரசி கன்னத்தில் கை வைத்துக் கவலையோடு அமர்ந்திருக்கிறாள். கோட்டைக்குரிய காவலருள் சிலர் கேடயத்தைப் பல்லால் கடித்தவாறு நிற்கின்றனர். ஒவ்வொரு முகமும் ஒரு குணம். காலாட்களுக்கோ முகமே இல்லை. நட்டு வைத்த சிறு கற்களைப் போல, சில கோடுகள் மட்டும் கீறப்பட்டு, அவை நிற்கின்றன. கல்லறைக் கல் போன்ற அந்த வடிவைப் பார்க்கும் தமிழருக்கு நடுகல் நினைவுக்கு வரும். வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தின் முதற் குறளிலேயே, களத்தில் வீழ்ந்து கல்லாய் நின்றவர்களைப் பேச வைக்கப்பட்டவன் அரசனல்லன், படைவீரன் ஒருவன். நம் நடுகல்லில் வீழ்ந்தவனின் உருவும் பெயரும் உண்டு. லூயிஸ் தீவின் காலாளோ போர் தொடங்குமுன்பே கல்லாக்கப்பட்டவன். அவனுக்குப் பெயரும் இல்லை.

நேர் நடை, சாய்வு வெட்டு

காலாளின் அடிப்படை நடை, அரபியர் சத்ரஞ்ச் ஆடிய காலத்திலிருந்து இன்றுவரை மாறவில்லை. நேரே முன்னோக்கி ஒரு கட்டம் நகரும். எதிரியை வெட்டும்போது மட்டும் முன்புறத்தில் சாய்வாக, வலப்புறமோ இடப்புறமோ ஒரு கட்டம் செல்லும். நேர் எதிரே நிற்பதை அதனால் வெட்ட இயலாது. பின்வாங்கும் உரிமை அதற்கு ஒருபோதும் இல்லை. மற்றைய காய்கள் அனைத்தும் எவ்வாறு நகருமோ அவ்வாறே வெட்டும். நடைக்கு ஒரு நெறியும் வெட்டுக்கு வேறொரு நெறியுமாக வாழ்வது காலாள் மட்டுமே.

இந்த விதியின் விளைவுகளைக் கருதிப் பார்க்க வேண்டும். இரு தரப்புக் காலாட்கள் நேருக்கு நேர் வந்து நின்றால் ஒன்றையொன்று வெட்ட முடியாது, கடக்கவும் முடியாது. முகத்தோடு முகம் வைத்து நின்றுவிடும். நேரே வெட்டலாம் என விதி இருந்திருந்தால், எதிர்ப்பட்டவர்கள் எதிர்ப்பட்ட இடத்திலேயே ஒருவரையொருவர் வீழ்த்த, சில நகர்வுகளில் களம் வெறிச்சோடியிருக்கும். வெட்ட முடியாமையால் அவை நிற்கின்றன. நிற்பதால் சுவர்கள் உருவாகின்றன. சுவர்களால் ஆட்டத்துக்கு ஒரு நில அமைப்புக் கிடைக்கிறது. எந்தப் பக்கம் திறந்தது, எது அடைபட்டது, குதிரை எங்கே தங்கலாம், கோட்டை எவ்வழியே புகலாம் என்பவற்றையெல்லாம் காலாட்கள் நின்ற நிலையே முடிவு செய்கிறது.

சாய்வு வெட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. முன்னே சென்ற காலாளுக்குச் சாய்வாகப் பின்னே நிற்கும் காலாள் காவலாகிறது. அதற்கு அதன் பின்னவன் காவல். இவ்வாறு ஏணிப்படி போல் எழும் தொடரில் எவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்வதில்லை. ஒருவர் மற்றவரைக் காக்கின்றனர். பக்கத்து வரிசைகளில் துணையில்லாத காலாளைத் தனித்த காலாள் என்பர். அதைக் காக்கப் பெரிய காய்கள் கட்டுண்டு நிற்க வேண்டிவரும்.

பின்வாங்க இயலாமை இன்னும் ஆழமானது. குதிரை சென்ற இடம் பிழையெனில் திரும்பிவிடும். அரசி ஏழு கட்டம் போய் ஏழு கட்டம் மீள்வாள். காலாள் வைத்த அடி வைத்ததுதான். ஆகவேதான் இன்றைய சட்டமும் ஆட்டத்தின் காலத்தைக் காலாளை வைத்து அளக்கிறது. இரு தரப்பிலும் ஐம்பது நகர்வுகள் முடிந்தும் ஒரு காலாளேனும் நகராமலும், ஒரு காயேனும் வெட்டப்படாமலும் இருந்தால், ஆடுவோர் சமநிலை கோரலாம். அரசியும் குதிரையும் எத்தனை முறை சுற்றி வந்தாலும் அது காலக்கணக்கில் முன்னேற்றமன்று. காலாள் ஓர் அடி வைத்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

எட்டுத் தொழிலர்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் யாக்கோபஸ் தெ செசோலிஸ் என்னும் தொமினிக்கன் துறவி, சதுரங்கத்தைச் சமுதாய ஒழுக்கத்துக்கு உவமையாக்கி இலத்தீனில் ஒரு நூல் இயற்றினார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் அது பெயர்க்கப்பட்டது. வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட அதன் ஆங்கில ஆக்கம், ஆங்கில மொழியில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்று. 1474ஆம் ஆண்டையொட்டி அது வெளிவந்தது.

அந்நூலின் சிறப்பு, எட்டுக் காலாட்களையும் அவர் ஒன்றுபோல் காணாமையே. ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலைக் கொடுத்தார். வலப்புறக் கோட்டையின் முன் நிற்பவர் உழவர். குதிரை வீரர் முன் நிற்பவர் கொல்லர். கடிவாளமும் படைக்கலமும் செய்து தர அவர் வேண்டும். அடுத்து நெசவும் எழுத்தும் சார்ந்தோர். அரசன் முன் வணிகர். அரசி முன் மருத்துவர். பின்னர் விடுதிக்காரர், நகர்க் காவலர். இடப்புற ஓரத்தில் நிற்பவர் சூதாடியும் நாடோடியும் தூதரும் கலந்த ஒருவர்.

துறவியின் நோக்கம் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நின்று கடமை புரிய வேண்டும் என்று போதிப்பதே. அதில் நமக்கு உடன்பாடு இல்லாமற் போகலாம். எனினும் முகமற்ற கற்களாய் நின்றவர்களுக்குச் சுத்தியலும் கலப்பையும் எழுதுகோலும் தந்தவர் அவர். கொல்லர் இல்லையேல் குதிரை வீரர் இல்லை என்பதைச் சமயப் பிரசங்கத்தின் நடுவே அவர் சொல்லிச் சென்றுவிட்டார். இலக்கியத்தில் இவ்வாறு நிகழ்வதுண்டு. ஆசிரியர் நிலைநாட்ட வந்தது ஒன்று. நூல் சாட்சி சொல்வது மற்றொன்று.

இரட்டை அடியும் வழிமறிப்பும்

பழைய ஆட்டம் மெல்ல நகர்வது. ஓரோர் அடியாகக் காலாட்கள் முன்னேறிக் கைகலக்க நெடுநேரம் ஆகும். அரபு ஆட்டக்காரர்கள் தொடக்க அணிவகுப்புகளைத் தபியா எனப் பெயரிட்டு வகுத்து வைத்திருந்தமைக்கு இதுவே காரணம். காத்திருப்பைக் குறைக்க விரும்பிய ஐரோப்பியர் ஒரு சலுகை அளித்தனர். முதல் நகர்வில் காலாள் இரண்டு கட்டம் செல்லலாம் என்றனர். காஸ்டில் நாட்டு மன்னர் பத்தாம் அல்போன்சோ தொகுப்பித்து 1283ஆம் ஆண்டில் முடிந்த ஆட்டங்கள் நூலிலேயே இச்சலுகை காணப்படுகிறது.

ஒரு சலுகை வந்தால் அதன் பின்னே ஒரு வழக்கும் வரும். எதிரிக் காலாள் ஒன்று முன்னேறித் தன் ஐந்தாம் வரிசையில் நிற்கிறது. பக்கத்து வரிசைக் காலாள் ஓர் அடி வைத்திருந்தால் அதன் வெட்டுக்குள் வந்திருக்கும். இரட்டை அடி வைத்ததால் ஆபத்தான கட்டத்தைத் தாண்டி, அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறது. விரைவுக்காகத் தந்த உரிமை தப்பித்துக்கொள்ளும் தந்திரமாகலாமா என்பது வழக்கு. இதற்குக் கண்ட தீர்ப்பே பிரெஞ்சு மொழியில் ‘ஆன் பசான்’ எனப்படும் விதி. நாம் ‘போகிறபோக்கில் வெட்டுதல்’ எனலாம். தாண்டிச் சென்ற காலாளை, அது ஓரடி மட்டுமே வைத்ததாகக் கொண்டு, கடந்த கட்டத்திலேயே வெட்டலாம். அந்த உரிமை உடனடியாக அடுத்த நகர்வில் மட்டுமே உண்டு. ஒரு நகர்வு தாழ்த்தால் போயிற்று. காலாளை இவ்வாறு வெட்டும் உரிமை மற்றொரு காலாளுக்கே உண்டு, அரசிக்கும் இல்லை.

இத்தாலியர் இத்தீர்ப்பை நெடுங்காலம் ஏற்கவில்லை. அவர்களது ஆட்டத்தில் காலாள் தடையின்றித் தாண்டிச் செல்லலாம். 1880ஆம் ஆண்டில்தான் அவர்கள் பொது விதிக்கு இணங்கினர். ஒரு காலாள் ஒரு கட்டத்தைத் தாண்டலாமா கூடாதா என்பதற்கு நாடுகள் சில நூற்றாண்டுகள் கருத்து வேறுபட்டு நின்றன.

எட்டாம் வரிசை வழக்கு

எல்லாவற்றிலும் பெரிய வழக்கு எட்டாம் வரிசையைப் பற்றியது. சத்ரஞ்சில் கடைசி வரிசையை அடைந்த காலாள் அமைச்சனாகும். அக்கால அமைச்சன் சாய்வாக ஒரு கட்டம் மட்டுமே செல்லும் எளிய காய். எனவே உயர்வு பெற்றவனுக்குக் கிடைத்தது சிறு பதவியே. ஐரோப்பாவில் அமைச்சன் அரசியானபோது சிக்கல் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் கிடைத்த, பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த இலத்தீன் செய்யுள், ஐரோப்பாவில் இவ்வாட்டத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று. அதிலேயே, பழைய அரசி களத்தில் இல்லாதபோதுதான் காலாள் அரசியாகலாம் என்னும் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஓர் அரசனுக்கு இரண்டு அரசியரா என்னும் தயக்கம் அதன் பின்னே இருந்தது போலும்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசியின் நடை மாறிற்று. எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லும் பேராற்றல் அவளுக்கு வந்தது. 1475ஆம் ஆண்டையொட்டி வலென்சியாவில் மூன்று கவிஞர்கள் கூடி ‘ஸ்காக்ஸ் தாமோர்’ எனும் காதற் சதுரங்கக் கவிதையை இயற்றினர். அறுபத்து நான்கு பாடல்கள். கஸ்தெல்வியும் வின்யோலெசும் ஆடுவோர். பெனோலியார் விதிகளைச் சொல்லும் நடுவர். புதிய நடைப்படி ஆடி எழுதிவைக்கப்பட்ட முதல் ஆட்டமாக இதைக் கருதுகின்றனர். அந்த ஆட்டத்தின் முதல் நகர்வே காலாளின் இரட்டை அடி. முதல் வெட்டும் காலாள் காலாளைச் சாய்வாக வெட்டியதே. புதிய யுகத்தை அரசி தொடங்கினாள் என்பர். கவிஞர் மூவரும் அதைக் காலாளைக் கொண்டே தொடங்கிவைத்தனர்.

அரசியின் ஆற்றல் பெருகவே, காலாளின் எட்டாம் அடி ஆட்டத்தையே புரட்டும் அடியாயிற்று. அச்சமும் பெருகிற்று. இந்த இடத்தில் பிலிதோரை நினைக்க வேண்டும். 1726ஆம் ஆண்டில் பிறந்த இப்பிரெஞ்சுக்காரர் இசை நாடகங்கள் இயற்றிய இசைவாணர். தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரும் அவரே. 1749ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், காலாட்களே இவ்வாட்டத்தின் ஆன்மா என்னும் கருத்தை நிலைநாட்டினார். காலாட்களைப் பெரிய காய்களுக்கு இரையாக எறிந்து ஆடிய காலத்தில், தாக்குதலும் காவலும் அவற்றின் நிலையையே சார்ந்தவை எனக் காட்டினார். ஆனால் அதே பிலிதோர்தாம், ஏற்கெனவே இழந்த காய்க்கு ஈடாக மட்டுமே காலாள் உயரலாம், இரண்டாம் அரசி கூடாது என்ற விதியையும் வற்புறுத்தினார். ஆன்மா என்று போற்றியவருக்கும், அந்த ஆன்மாவுக்குக் காலியிடம் இருந்தால்தான் பதவி என்பதில் ஐயமில்லை. போற்றுவதும் உரிமை கொடுப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கட்டுப்பாடற்ற உயர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அரசி, கோட்டை, பிஷப், குதிரை ஆகிய நான்கில் எதுவாகவும், முன்பு எது வெட்டப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், காலாள் ஆகலாம். 1862ஆம் ஆண்டின் பிரித்தானிய விதித்தொகுப்பு, உயர்வை மறுத்துக் காலாளாகவே நின்றுவிடவும் இடம் தந்தது. பின்னாளில் அது நீக்கப்பட்டது. இன்று உயர்ந்தே ஆகவேண்டும். அரசனாகவும் ஆக முடியாது.

உயர்வென்றால் அரசியாவதுதான் என எண்ணுவோர்க்கு 1895ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி பாடம். கிளாஸ்கோ இதழ் ஒன்றில் வெளியான நிலையில் ஒருபுறம் அரசனும் காலாளும்; மறுபுறம் மூலையில் அரசனும் ஒரு கோட்டையும். சமநிலையே முடிவு என்றனர். அந்நகரில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் பெர்னாண்டோ சாவேத்ரா, வெல்லும் வழியைக் கண்டார். காலாள் அரசியானால், கறுப்பு தன் கோட்டையைப் பலி கொடுக்கிறது; அதை வெட்டினால் கறுப்பரசனுக்கு நகர இடமின்றி ஆட்டம் சமநிலையாகிவிடும். காலாள் கோட்டையாக மட்டும் உயர்ந்தால் வெற்றி. பெரிய பதவியை விட்டுத் தேவையான பதவியை ஏற்ற அந்தக் காலாளால் அப்பாதிரியாரின் பெயர் இன்றும் ஆட்டக்காரர் நாவில் நிற்கிறது.

நம் நாட்டு நடை

இந்தியாவில் வழங்கிய பழைய நடைகளில் காலாளுக்கு இரட்டை அடி இல்லை. உயர்விலும் வேறு நெறி. எந்தக் காயின் வரிசையில் சென்று சேர்ந்ததோ அந்தக் காயாகவே அது ஆகும். குதிரையின் வரிசையில் முடிந்தால் குதிரை, யானையின் வரிசையில் முடிந்தால் யானை. சேர்ந்த இடமே பதவியைத் தீர்மானிக்கும், விருப்பத்துக்கு இடமில்லை. பிறந்த இடம் தீர்மானிக்கிறது என்று சொல்லாமல் சேர்ந்த இடம் தீர்மானிக்கிறது என்று வைத்தார்களே என்பதைச் சாதியால் கட்டுண்ட நம் சமுதாயத்தோடு ஒப்பிட்டுச் சிந்திக்கலாம். சாய்வாக வெட்டி வரிசை மாறும் வழியும் காலாளுக்குத் திறந்தே இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியோடு ஐரோப்பிய நடையும் வந்தது. திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்னும் பண்டிதர், வடமொழியில் இயற்றிய தம் சதுரங்க நூலை ஐரோப்பிய நடைக்கு ஏற்ப மாற்றி 1814ஆம் ஆண்டில் பம்பாயில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரு நடைகளும் சந்தித்த இடத்தைப் பின்னாளில் சத்யஜித் ராய் திரையில் காட்டினார். பிரேம்சந்தின் கதையைத் தழுவிய ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ 1977ஆம் ஆண்டில் வந்தது. 1856ஆம் ஆண்டில் அவத் நாட்டைக் கும்பினியார் விழுங்கும் வேளையில், லக்னோ பிரபுக்கள் இருவர் ஆட்டத்தில் மூழ்கிக் கிடக்கின்றனர். ஆங்கிலேயர் ஆட்டத்தில் காலாள் முதலில் இரண்டடி வைக்கும் என்று அவர்களுக்கு ஒருவர் விளக்குகிறார். கேட்பவர்களுக்கு அது வேடிக்கை. பார்க்கும் நமக்கோ, நாட்டை நோக்கி விரைந்துவரும் படையின் காலடி.

அந்த மாற்றத்தைத் தம் வாழ்வில் சுமந்தவர் மீர் சுல்தான் கான். பஞ்சாபில் 1903ஆம் ஆண்டில் பிறந்து இந்திய நடையில் ஆடப் பழகியவர். சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929ஆம் ஆண்டில் இலண்டன் சென்று, அவ்வாண்டே பிரித்தானியச் சாம்பியனானார். 1932, 1933 ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே. முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையும் ஓர் ஆட்டத்தில் வென்றார். இரட்டை அடியிலிருந்து எழுந்த ஐரோப்பியத் தொடக்க ஆட்டங்கள் அவருக்குப் புதியவை. தொடக்கத்தில் தடுமாறி, நடுவிலும் இறுதியிலும் மீண்டு வெல்வதே அவர் இயல்பு. புரவலரோடு நாடு திரும்பியபின் பெரும் போட்டிகளில் அவர் ஆடவில்லை. 1966ஆம் ஆண்டில் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024ஆம் ஆண்டில். எட்டாம் வரிசையை எட்டியவருக்குப் பதவி வந்து சேர எத்தனை ஆண்டுகள்!

அதே 2024ஆம் ஆண்டு திசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான பதினான்காம் ஆட்டத்தில், சென்னையின் குகேஷும் சீனத்தின் டிங் லிரெனும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். அரசியர் போயினர், குதிரைகள் போயின. கடைசியில் கோட்டைகளும் பிஷப்புகளும் மாற்றிக்கொள்ளப்பட்டன. எஞ்சியவை இரு அரசர்களும் மூன்று காலாட்களும். குகேஷிடம் இரண்டு, எதிரியிடம் ஒன்று. அந்த ஒரு காலாளின் மிகுதியால் பதினெட்டு வயது இளைஞர் உலகச் சாம்பியனானார்.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

லூயிஸ் கரோல் 1871ஆம் ஆண்டில் எழுதிய கண்ணாடி உலகக் கதையில், சிறுமி ஆலிஸ் வெள்ளைக் காலாளாகப் புறப்பட்டு எட்டாம் கட்டத்தில் அரசியாகிறாள். மூன்றாம் கட்டத்தை இரயிலில் ஏறிக் கடக்கிறாள். அதுவே காலாளின் இரட்டை அடி. விதியை இவ்வளவு நுட்பமாக அறிந்து உவமையாக்கிய படைப்பு அரிது. அரசியானபின் அவள் கண்டது குழப்பமான விருந்தே என்பதையும் கரோல் மறைக்கவில்லை.

காலாளைப் பாடுவோர் இரு எல்லைகளில் சென்று நிற்கின்றனர். ஒரு சாரார்க்கு அவன் பலியாடு. மற்றொரு சாரார்க்கு நாளைய அரசன். வரலாறு இவ்விரண்டையும் ஒப்பவில்லை. அவன் கையாலாகாதவன் அல்லன். ஆட்டத்தின் நிலத்தையும் காலத்தையும் அமைப்பவன் அவனே. அவன் உயர்வும் உறுதியன்று. பதினாறு பேரில் பெரும்பாலோர் வழியில் வீழ்கின்றனர், அல்லது ஆட்டம் முடியும்வரை நின்ற இடத்திலேயே நின்று காவல் புரிகின்றனர். அவ்வாறு நின்றவர் காத்துத் தந்த வழியில்தான் ஒருவன் கடைசி வரிசையைத் தொடுகிறான்.

தொட்ட அக்கணம் நிகழ்வதையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலாளைப் பலகையிலிருந்து எடுத்துவிடுகின்றனர். அவன் நின்ற கட்டத்தில் வேறோர் உருவை வைக்கின்றனர். புதிதாய் வந்த அரசியின் உருவில், ஓரோர் அடியாக நடந்து வந்தவனின் அடையாளம் எதுவும் இராது. இரண்டாம் வரிசையிலிருந்து எட்டாம் வரிசைவரை அவன் நடந்த வழியை நினைவில் வைத்திருப்பது பலகையின் வேலையன்று. அது எழுதுவோரின் வேலை.